சைலனும் தலையாட்டியும்

2009 மார்ச் 17ஆம் திகதி நியூயோர்க்கில், ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூகப் பேரவை மண்டபத்தில் ஒரு வித்தியாசமான கூட்டம் நடந்தது. வழமையாக மேசைகளில் நாடுகளின் பெயர்ப்பலகைகள் இருக்கும். அன்றைக்கு உலகத்திலேயே இல்லாத பன்னிரண்டு குடியேற்றங்களின் பெயர்கள் இருந்தன. கூட்டத்தை நடத்தியவர் நடிகை வூப்பி கோல்ட்பெர்க். ஒரு பக்கம் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற அறிவியல் புனைவுத் தொடரின் தயாரிப்பாளர்கள் ரொனால்ட் மூர், டேவிட் ஐக், நடிகர்கள் எட்வர்ட் ஜேம்ஸ் ஒல்மோஸ், மேரி மக்டோனல். மறுபக்கம் ஐ.நா. அதிகாரிகள். பேசுபொருள்: மனித உரிமை, பயங்கரவாதம், ஆயுத மோதலில் சிறுவர், நல்லிணக்கம்.

அந்த அதிகாரிகளில் ஒருவர் எங்கட ஊர் ஆள். ராதிகா குமாரசுவாமி. கொழும்பில் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தில் நீலன் திருச்செல்வத்தோடு வேலை செய்தவர். அந்த நேரம் ஆயுத மோதலில் சிறுவர் தொடர்பான ஐ.நா. செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதி.

அந்தக் கூட்டத்துக்கு நாலு நாள் முதல், மார்ச் 13ஆம் திகதி, ஐ.நா. மனித உரிமை உயர்ஸ்தானிகர் நவி பிள்ளை ஓர் அறிக்கை விட்டிருந்தார். ஜனவரி 20க்குப் பிறகு வன்னியில் 2,800க்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம், 7,000க்கு மேற்பட்டோர் காயப்பட்டிருக்கலாம் என்றது அது. போர் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சி நிரலில் இலங்கை கடைசி வரைக்கும் ஏறவில்லை.

ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு மண்டபம் கிடைச்சது, முல்லைத்தீவுச் சனத்துக்குக் கிடைக்கேல்ல என்று சொல்லி முடித்துவிடலாம். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஐ.நா.வின் உள்ளக மீளாய்வே 2012இல் இலங்கை விஷயத்தில் ஐ.நா. தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தக் கோபத்தோடு நிறுத்தினால் தொடரைத் தவறவிட்டுவிடுவோம். கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒன்று அந்தத் தொடரைப் பார்த்தால் அடிக்கடி தூக்கிவாரிப் போடும். ஏனெண்டால் அது இரண்டு கேள்விகளைச் சுற்றியே ஓடுகிறது. ஒன்று, "நீ யார்?" மற்றது, "நீ என்ன செய்தாய்?" முதல் கேள்வியை மட்டும் கேட்கிற சமூகத்துக்கு என்ன நடக்கும் என்பதுதான் கதை.

(கதை முழுவதையும் இங்கே உடைக்கப்போகிறேன். பார்க்காத ஆக்கள் பார்த்துவிட்டு வரலாம், கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது.)

முகம் மாறிய எதிரி

'கலாக்டிகா' முதலில் வந்தது 1978இல், கிளென் லார்சன் உருவாக்கிய தொடராக. அதில் சைலன் என்றால் இரும்புக் கவசம் போட்ட ரோபோ. முகத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் அங்குமிங்கும் ஓடும். தூரத்தில் வரும்போதே எதிரி என்று தெரிந்துவிடும். குழப்பமே இல்லை.

2003 டிசம்பரில் மூரும் ஐக்கும் அதே கதையைத் திருப்பி எடுத்தார்கள். அமெரிக்காவில் 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிந்திய காலம். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று சனம் பயப்படத் தொடங்கிய காலம். புதிய தொடரில் சைலன்களை உண்டாக்கியவர்களே மனிதர்கள்தான். அடிமை வேலைக்குச் செய்த இயந்திரங்கள் கிளர்ந்தெழுந்து, பிறகு மனித உருவம் எடுத்துத் திரும்பி வருகின்றன. பன்னிரண்டு குடியேற்றங்களும் அணுகுண்டால் அழிகின்றன. மிஞ்சிய சுமார் 50,000 பேர் கப்பல்களில் ஏறி ஓடுகிறார்கள். அந்தக் கப்பல்களுக்குள்ளேயே சைலன்களும் இருக்கிறார்கள். இரத்தம் வரும், அழுவார்கள், காதலிப்பார்கள். சிலருக்குத் தாங்கள் சைலன் என்பதே தெரியாது.

இதற்கு முந்திய அறிவியல் புனைவுத் தொடர்களும் இனவெறுப்பைப் பேசாமல் இருக்கவில்லை. 'ஸ்டார் ட்ரெக்'கில் 1969 ஜனவரியில் வந்த ஓர் அத்தியாயத்தில், முகத்தின் வலப்பக்கம் கறுப்பாக உள்ளவனும் இடப்பக்கம் கறுப்பாக உள்ளவனும் ஒருவரை ஒருவர் அழிக்கத் துரத்துவார்கள். அது நல்ல பாடம்தான். ஆனால் பார்க்கிறவர் வெளியில் நின்று சிரிக்கலாம், "என்ன முட்டாள்தனம்" என்று. கலாக்டிகா அந்த வசதியைத் தருவதில்லை. வேறுபாடு கண்ணுக்கே தெரியாதபோது, அதைக் கண்டுபிடிக்க மனிதர் என்னென்ன செய்வார்கள் என்று காட்டுகிறது.

பால்டரின் இயந்திரம்

கண்டுபிடிக்கிற பொறுப்பு விஞ்ஞானி கையஸ் பால்டரிடம் போகிறது. இவர் யாரென்றால், பாதுகாப்பு அமைப்பின் இரகசியங்களைத் தன் காதலிக்குத் திறந்துவிட்டவர். காதலி சைலன் என்பது அவருக்குத் தெரியாது. அழிவில் தனக்கும் பங்கு உண்டு என்று தெரிந்த பிறகு, அதை மறைப்பதே அவருடைய முழுநேர வேலை. அந்த ஆளிடம்தான் "யார் சைலன் என்று சொல்லு" என்கிறார்கள்.

தொடக்கத்தில் தன்மேல் சந்தேகம் வராமல் இருக்க, டோரல் என்ற ஒருவரைப் பால்டர் கைகாட்டுகிறார். ஆதாரம் ஒன்றும் கிடையாது, சும்மா அடித்துவிட்ட பொய். தற்செயலாக டோரல் உண்மையிலேயே சைலன். இந்த இடத்தை யோசிச்சுப் பாருங்கோ. பொய்க் குற்றச்சாட்டு ஒன்று சரியாக அமைந்துவிட்டதால், பொய் சொன்னவர் நிபுணர் ஆகிவிடுகிறார். பிறகு உண்மையான பரிசோதனை ஒன்றையும் அவர் உருவாக்குகிறார். அது ஷரன் வலேரி என்ற விமானி, 'பூமர்' என்று கூப்பிடப்படுகிறவர், சைலன் என்று காட்டுகிறது. அதைச் சொன்னால் தன்னைக் கொன்றுவிடுவாள் என்ற பயத்தில், "நீ மனிதர்தான்" என்று அனுப்பிவிடுகிறார்.

இயந்திரம் பிழை விடவில்லை. அதை இயக்குகிறவரின் பயம்தான் முடிவை எழுதியது.

எங்களிடம் இந்த இயந்திரத்துக்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது. தலையாட்டி. ரவுண்டப் நடக்கும். சனத்தை வெயிலில் வரிசையாக நிறுத்துவார்கள். முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஒருவர் ஜீப்பில் இருப்பார். ஒவ்வொருவராக முன்னால் போகவேண்டும். அவர் தலையாட்டினால் அந்த ஆள் ஒரு பக்கம். ஆட்டாவிட்டால் வீட்டுக்கு. அந்தச் சாக்குக்குள் இருந்தவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்? அடி தாங்க முடியாமல் வந்தவரா, பழைய கோபத்தைத் தீர்க்கிறவரா, யாரையாவது காட்டினால்தான் தன்னை விடுவார்கள் என்று நம்பியவரா? வரிசையில் நின்ற யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாமே அந்தக் காரணத்தில்தான் தங்கியிருந்தது.

லொட்ஜிலிருந்து புதுக்கடைக்கு

கொழும்பில் பரிசோதனைகள் வேறு வேறு வடிவத்தில் வந்தன. 1983 ஜூலையில் காடையர் கும்பல்கள் வாகனங்களை மறித்து, வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னதைப் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 'பால்திய' என்பதன் முதல் எழுத்தை எப்படி உச்சரிக்கிறார் என்று பார்ப்பார்கள். அழுத்திச் சொன்னால் ஒன்று, மென்மையாகச் சொன்னால் இன்னொன்று. தமிழ் எழுத்தில் அந்த வித்தியாசத்தை எழுதிக் காட்டக்கூட முடியாது, இரண்டுமே 'ப'தான். அந்த ஒரு எழுத்தில் உயிர் தொங்கியது.

பிறகு வந்தது அடையாள அட்டை. பழைய அட்டையில் இனம் என்று ஒரு வரி கிடையாது. தேவையும் இல்லை. பெயர் இருக்கிறது, பிறந்த இடம் இருக்கிறது. அதற்கு மேல் பொலிஸ் பதிவு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று படிவம் நிரப்பி வைத்திராத தமிழ் வீடு குறைவு.

இதன் உச்சம் 2007 ஜூன் 7. விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜுகளுக்குள் பொலிஸாரும் படையினரும் புகுந்தார்கள். கொழும்பில் தங்குவதற்குச் சரியான காரணம் இல்லை என்று சொல்லி 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றினார்கள். பெரும்பாலானவர்களை வவுனியாவில் கொண்டுபோய் விட்டார்கள். லொட்ஜில் தங்குகிறவர் யார்? வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கிறவர், மருந்து எடுக்க வந்தவர், வேலை தேடி வந்தவர். அவர்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. யார் என்று கேட்டார்கள், பஸ் புறப்பட்டது.

அடுத்த நாள் விஷயம் புதுக்கடைக்குப் போனது. 1656இல் கொழும்பு முற்றுகையின்போது செத்த ஹுல்ஃப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியின் பெயரால் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் என்று சொல்லும் அதே இடம். நாட்டின் உயர் நீதிமன்றம் இருக்கும் இடம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனு ஒன்றைத் தாக்கல் செய்தது. ஜூன் 8ஆம் திகதி உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தை நிறுத்தி இடைக்காலக் கட்டளை விட்டது. சில நாளில் பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

நீதிமன்றம் என்ற ஒன்று எதற்கு என்று கேட்டால், இந்த ஒரு நாளைக் காட்டலாம். செக் பொயின்ட் "நீ யார்" என்று கேட்கும். நீதிமன்றத்தில் நிற்கும்போது கேள்வி "என்ன செய்தாய்" என்று மாறவேண்டும். ஆனால் அதே புதுக்கடைக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டவர்களுக்கு அந்த மாற்றம் சுலபமாகக் கிடைக்கவில்லை. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம், 1982இல் நிரந்தரமாயிற்று. அமைச்சரின் கட்டளையில் 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது 12 மாதம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாம். அது வற்புறுத்தி வாங்கியது என்றால், அதைக் காட்டவேண்டிய சுமை குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில். தலையாட்டிக்கு ஒரு சட்டப் புத்தகம் கிடைத்தது மாதிரி.

ஒரே முகம், இரண்டு முடிவு

தொடருக்குத் திரும்புவம். பூமர் கமாண்டர் அடாமாவைச் சுடுகிறாள். பிறகு அவளைச் சிறைக்குக் கொண்டுபோகும் வழியில், கலி என்ற இளம் தொழில்நுட்பவியலாளர் சுட்டுக் கொல்கிறாள். தண்டனை 30 நாள். கொலைக்காக இல்லை, அனுமதியில்லாமல் துப்பாக்கியைச் சுட்டதற்காக. சைலனைக் கொன்றால் கொலை என்று பதிவதற்கு அவர்களின் சட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை.

அதே முகத்தோடு, அதே மாதிரி இலக்கத்தோடு, பூமரின் நினைவுகளையும் சுமந்துகொண்டு இன்னொருத்தி வருகிறாள். ஹீலோ என்ற மனித அதிகாரியை ஏமாற்ற அனுப்பப்பட்டவள், அவரைக் காதலித்துக் கட்சி மாறுகிறாள். பிறகு அதே கப்பலில் 'அதீனா' என்ற பெயரோடு சீருடை அணிகிறாள். பூமரோ கசந்து போய் எதிர்த்திசையில் போகிறாள். ஒரே இரத்தம், ஒரே நினைவு, இரண்டு வாழ்க்கை. நடித்தவரும் ஒருவரே, கிரேஸ் பார்க். பரிசோதனைக் கூடத்தில் இருவருக்கும் ஒரே முடிவுதான் வரும். அவர்கள் செய்ததைப் பார்த்தால் மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

இங்கே தொடரின் பலவீனத்தையும் சொல்லவேண்டும். சைலன்கள் கதையில் உண்மையாகவே கோடிக்கணக்கானவர்களைக் கொன்றவர்கள். அதனால் அவர்களை ஒடுக்கப்பட்ட சிறுபான்மைக்கு நேரான உருவகமாக எடுத்தால் ஆபத்து. "அப்ப சந்தேகப்பட்டது சரிதானே" என்று ஒருவர் கேட்கலாம். லொட்ஜில் இருந்தவர் எந்தக் கிரகத்தையும் அழிக்கவில்லை. தொடர் தருவது, சந்தேகம் எப்படி வேலை செய்கிறது என்ற படம். சந்தேகப்படுகிறவரின் வாதத்தை அதிலிருந்து எடுக்கக்கூடாது.

எங்கட பக்கம்

இதுவரை வாசித்துவிட்டு "சரியாச் சொன்னீங்கள்" என்று தலையாட்டுகிறவர்களுக்கு இனித்தான் கஷ்டமான பகுதி.

2006 ஒக்டோபரில் தொடங்கிய மூன்றாம் பருவத்தில் எல்லாம் தலைகீழாகிறது. மனிதர்கள் ஒரு கிரகத்தில் குடியேறியிருக்கிறார்கள், சைலன்கள் வந்து ஆக்கிரமிக்கிறார்கள். இப்போது கிளர்ச்சியாளர் மனிதர். தலைவர் கேணல் சோல் டை, சிறையில் ஒரு கண்ணை இழந்தவர். அவர் தற்கொலைக் குண்டுதாரிகளை அனுப்புகிறார். மனைவியைப் பறிகொடுத்து, வாழ ஆசையில்லாத ஓர் இளைஞன், சைலன்களுக்கு வேலை செய்யும் மனிதப் பொலிஸாரின் பயிற்சி முடிவு விழாவில் வெடிக்கிறான். அமெரிக்கத் தொலைக்காட்சியில், ஈராக் போர் நடந்துகொண்டிருக்கும்போது, பார்வையாளர் அன்பு வைத்திருக்கும் பக்கத்திலிருந்து அது வருகிறது. அந்த இளைஞனின் காரணத்தைத் தொடர் விளங்கிக்கொள்கிறது. ஆனால் செத்தவர்களையும் மறைக்கவில்லை.

டையின் மனைவி எல்லன், கணவனைச் சிறையிலிருந்து எடுக்க எதிரிக்கு ஒரு வரைபடம் கொடுக்கிறாள். டை அவளுக்குத் தன் கையால் நஞ்சு கொடுக்கிறார். அழுதுகொண்டேதான் கொடுக்கிறார். பிறகு தப்பி வந்த கப்பல்களில் ஒரு இரகசியக் குழு உருவாகிறது. எதிரியோடு ஒத்துழைத்தவர்களின் பட்டியலை வைத்து, ஒவ்வொருவராகப் பிடித்து, விண்வெளிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஜாமர் என்ற ஒருவன் பொலிஸில் சேர்ந்தவன், கலியின் உயிரைக் காப்பாற்றியவனும் அவன்தான். அவனைக் கொல்கிறார்கள். அடுத்தது கேட்டா. ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் வேலை செய்த அதிகாரி. கதவு திறக்கச் சற்று முன்புதான் தெரியவருகிறது, கிளர்ச்சிக்கு உள்ளிருந்து இரகசியத் தகவல் கொடுத்ததே அவர்தான் என்று.

துரோகி. இந்தச் சொல்லை எங்கட சமூகம் எத்தனை பேரின் நெற்றியில் எழுதியது? 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பேராசிரியர் ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பின் கொலைகளையும் பதிவு செய்தவர் அவர். 1999 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் நீலன் திருச்செல்வம் புலிகளின் தற்கொலைக் குண்டுதாரியால் கொல்லப்பட்டார். சட்டம் படித்து, பாராளுமன்றம் போய், அதிகாரப் பகிர்வுக்கான அரசியலமைப்பு வரைவில் வேலை செய்த ஆள். நியூயோர்க் மண்டபத்தில் இருந்த ராதிகா குமாரசுவாமியின் நீண்டநாள் சக பணியாளர். இலங்கையில் சிறுவர்களைப் படையில் சேர்த்தது பற்றிப் பாதுகாப்புச் சபைக்குப் போன அறிக்கைகளில் புலிகளும் கருணா தரப்பும் இருந்தார்கள், அது அவருடைய அலுவலகத்தின் வேலை. அவரையும் துரோகி என்று சொன்னவர்கள் உண்டு.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள், ஊரைவிட்டுப் போக. வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களிடமும் என்ன செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. யார் என்பது தெரிந்திருந்தது, அது போதுமாயிருந்தது. 2007 ஜூன் லொட்ஜ் பஸ்ஸை நாங்கள் கோபத்தோடு சொல்லும்போது, 1990 ஒக்டோபரையும் அதே மூச்சில் சொல்லாவிட்டால் எங்கட கோபம் பாதிதான் உண்மை.

தொடர் இந்த இடத்தில் ஒரு கொடுமையான வேலை செய்கிறது. துரோகி என்று சொல்லி மனைவிக்கே நஞ்சு கொடுத்த டை, அந்தப் பருவத்தின் முடிவில் தானே ஒரு சைலன் என்று அறிகிறார். என்ன செய்கிறார் தெரியுமா? தான் யார் என்பதைத் தான் என்ன செய்யப்போகிறேன் என்பதால் முடிவு செய்கிறார். தன் பெயரைச் சொல்லி, தன் பதவியைச் சொல்லி, வேலைக்குத் திரும்பிப் போகிறார்.

மன்னிப்பும் விசாரணையும்

இரகசியக் கொலைகளை நிறுத்த ஜனாதிபதி ரோஸ்லின் பொது மன்னிப்பு அறிவிக்கிறார். கொலை நிற்கிறது. ஆனால் பெரிய பெயர் ஒன்று மட்டும் வெளியே விடப்படுகிறது: ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜனாதிபதியாக இருந்த பால்டர். அவருக்கு வழக்கு. ஐந்து நீதிபதிகள். அடாமாவின் மகன் லீ சாட்சிக் கூண்டில் ஏறி, இந்தக் கப்பல்களில் யார் யார் என்னென்ன செய்தும் மன்னிக்கப்பட்டார்கள் என்று ஒன்றொன்றாகச் சொல்கிறான். தன்னையும் சேர்த்து, தன் தகப்பனையும் சேர்த்து. எல்லாரையும் மன்னித்த கூட்டம், தன் வெட்கத்தைக் கழுவ ஒருவனை மட்டும் தள்ளிவிடப் பார்க்கிறது என்பது அவன் வாதம். மூன்றுக்கு இரண்டு என்று பால்டர் விடுதலை ஆகிறார். விடுதலைக்கு வாக்களித்தவர்களில் அடாமாவும் ஒருவர்.

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. எல்லாரும் தப்பினார்கள் என்பதால் இவரும் தப்பட்டும் என்பது நீதியா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை ஏந்திக்கொண்டு வருடக்கணக்காக வீதியோரம் இருக்கும் அம்மாமாரிடம் போய் லீயின் பேச்சைச் சொல்ல முடியாது. அவர்கள் கேட்பதும் "என்ன செய்தாய்" என்ற கேள்வியைத்தான். அதற்குப் பதில் வராமல் மன்னிப்பு மட்டும் வந்தால், அது மேலிருந்து மூடிய சாக்கு.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் எங்கட சனம் ஏராளம். அடுத்த சில வாரங்களில் "நீ யார்" என்ற கேள்வி ஆளை மாற்றியது. இந்த முறை முஸ்லிம்களிடம் போனது. பெயர், தாடி, பர்தா, வீட்டில் இருந்த அரபுப் புத்தகம். முகத்தை மூடும் உடைக்கு அவசரகால ஒழுங்குவிதியில் தடை வந்தது. முப்பது வருடம் அந்த வரிசையில் நின்ற வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அப்போது என்ன சொன்னது? சிலர் முஸ்லிம் அயலவரின் வாசலில் போய் நின்றார்கள். சிலர் "இப்ப விளங்கும் அவையளுக்கு" என்றார்கள். சிலர் தாங்களே தலையாட்டினார்கள்.

நான்கு பருவங்களையும் பார்க்க நேரம் இல்லாதவர்கள் மூன்றாம் பருவத்தின் ஐந்தாவது அத்தியாயத்தை மட்டுமாவது பாருங்கள். கேட்டா முழங்காலில் இருக்கிறார், கதவு திறக்கப்போகிறது, சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். பார்த்து முடித்துவிட்டு, உங்கள் வீட்டில் மூத்தவர்கள் யாராவது இருந்தால், ரவுண்டப்பில் நின்ற கதையைக் கேளுங்கள். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: 1990 ஒக்டோபரில் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் போனபோது அவர்கள் எங்கே நின்றார்கள் என்று.